மினுவெட்: அரசவை ஆடலும் அதன் பின்வாழ்வும்

செய்யுளின் வரிக்கு ‘அடி’ என்றும், சீரும் சீரும் கட்டுண்டு நிற்பதற்குத் ‘தளை’ என்றும் பெயர் வைத்தது நம் யாப்பு மரபு. அடி என்னும் சொல் காலையும் குறிக்கும். தளை என்னும் சொல் காலில் பூட்டும் விலங்கையும் குறிக்கும். பதினெட்டு ஆண்டுகளாக இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் எழுதி அழித்து வரும் எனக்கு, அவற்றின் பொருள் முழுமையாக உறைத்தது அயல்நாட்டு அரசவை ஆடல் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட பொருள் எது என வினவினால், யாப்பு என்றே உறுப்பினர் பலரும் கூறுவர். விவாதம் முற்றி, மரபுக் கவிஞர் ஒரு பக்கமும் புதுக்கவிஞர் மறுபக்கமுமாகத் தேநீர் அருந்திய மாலைகளும் உண்டு. அத்தகைய மாலை ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர், “அதைப் பிறப்பித்த வாழ்க்கை போய்விட்ட பிறகு வடிவம் வெறும் கூடுதானே, அம்மா? கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று கேட்டார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

அந்நாட்களில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி கீபோர்டுத் தேர்வுக்காக மாலைதோறும் ஒரே மெட்டை வாசித்துப் பழகி வந்தாள். மூன்று மூன்றாக எண்ணி நடக்கும் எளிய மெட்டு. கேட்டபோது, “பாக் எழுதிய மினுவெட்” என்றாள். செர்மானிய இசைமேதை யொஹான் செபாஸ்டியன் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் இடம்பெற்றிருப்பதால் அம்மெட்டு அவர் பெயரிலேயே வழங்கி வந்தது. டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் இசைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்டு என்பவரின் படைப்பு அது என்பது 1970களில்தான் தெளிவாயிற்று. ஔவையார் பெயரில் எத்தனை பாடல்கள் நிற்கின்றன என்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. ஆடலுக்கு எழுந்த மெட்டு அது. ஆனால் அந்த வீட்டில் எவரும் ஆடவில்லை. ஆட வேண்டியது என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. அப்படியானால் அந்த ஆடல் எங்கே போயிற்று?

ஒருவர் ஆட, அவை நோக்க

பிரெஞ்சு மொழியில் ‘மெனுவே’ என்றும், ஆங்கிலவழி ‘மினுவெட்’ என்றும் வழங்கும் இவ்வாடலின் பெயர், ‘சிறிய’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். சிறு சிறு அடிகளால் ஆகியமையால் இப்பெயர். மேற்குப் பிரான்சின் புவாத்து பகுதிக் குடியானவர் ஆடலிலிருந்து தோன்றியது என்றொரு மரபுச் செய்தியும் உண்டு. குடியானவர் ஆடலோ அன்றோ, வரலாற்றின் ஒளியில் நாம் அதனை முதலில் காண்பது 1660களில், பதினான்காம் லூயி மன்னரின் அவையில்.

இம்மன்னர் ஆடற்கலையை ஆட்சிக் கலையின் ஓர் உறுப்பாகவே கருதினார் எனலாம். 1653இல், பதினான்கு வயதில், ‘இரவின் பாலே’ என்னும் நாட்டிய நிகழ்ச்சியில் உதயசூரியனாகத் தோன்றி ஆடியவர் அவர். ‘சூரிய மன்னர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்ததில் அவ்வேடத்திற்கும் பங்குண்டு. 1661இல், அதாவது தாமே நேரில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அதே ஆண்டில், ஆடலுக்கென அரசக் கழகம் ஒன்றை நிறுவினார். அந்த இரவின் பாலேயில் மன்னரோடு ஆடிய இளைஞருள் ஒருவர் இத்தாலியின் புளோரன்சு நகரிலிருந்து வந்த லுல்லி. பின்னாளில் பிரான்சின் இசையுலகு முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்தவர் இவரே. மினுவெட்டை மேடைக்கும் பல்லியத்திற்கும், அதாவது பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசைக்குழுவுக்கும், உரியதாக்கியவரும் இவரே. தம் பாலேக்களிலும் ஓபராக்களிலும் அடுத்தடுத்து மினுவெட்டுகளை அமைத்தார். 1670இல் மோலியேரும் லுல்லியும் சேர்ந்து உருவாக்கிய நகைச்சுவை நாடகம் ஒன்றில், உயர்குடியினராக மாற விரும்பும் வணிகர் ஒருவர் ஆடலாசிரியரிடம் மினுவெட் கற்கத் தடுமாறும் காட்சி உண்டு. ஆடல் தோன்றிய சில ஆண்டுகளிலேயே அது மேட்டிமையின் அடையாளமாகிவிட்டதை அக்காட்சி காட்டுகிறது.

மினுவெட்டை மென்மையும் நளினமும் வாய்ந்த பொழுதுபோக்கு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது எவ்வளவு தவறு என்பதை, ஆடலாசிரியர் பியேர் ராமோ 1725இல் வெளியிட்ட நூலின் வருணனை உணர்த்தும். அரசர் நடத்தும் பெருவிழாவில் அவையோர் அனைவரும் ஒருங்கே ஆடுவதில்லை. ஒரு நேரத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே களத்தில் நிற்பர்; ஏனையோர் நோக்குவர். முதலில் அரசருக்கு வணக்கம். பின்னர் ஒருவருக்கொருவர் வணக்கம். அதன்பின் ‘இசட்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் இருவரும் எதிரெதிர் மூலைகளிலிருந்து நடந்து, நடுவில் ஒருவரையொருவர் நோக்கியவாறே தொடாமல் கடந்து செல்வர். பிறகு வலக்கை கொடுத்துச் சுற்றுவர். இடக்கை கொடுத்துச் சுற்றுவர். மீண்டும் அதே கோலத்தில் நடந்து, இறுதியில் இரு கைகளும் கோத்து முடிப்பர். தொடக்கத்தில் ‘எஸ்’ எழுத்தின் வளைவாக இருந்த பாதையை நேர்கோடுகளாக மாற்றியவர் பெக்கூர் என்னும் ஆடலாசிரியர் என்று ராமோ குறிப்பிடுகிறார்.

தவறினால் என்ன ஆகும்? 1692இல் அரசரின் தம்பி மகனுடைய திருமணத்தை ஒட்டி வெர்சாய் அரண்மனையில் நடனவிழாக்கள் நடந்தன. மோன்ப்ரோன் என்னும் பெருமகனின் மகன், தாம் நன்றாக ஆடுவதாக முன்பே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதல் வணக்கத்திலேயே குழம்பினான். முதல் அடிகளிலேயே தாளம் தவறினான். கைகளை அழகுபட வீசித் தவற்றை மறைக்க முயன்றான். சிரிப்பு மேலும் கூடியது. அடுத்த விழாவில் இழந்ததை மீட்க மீண்டும் முன்வந்தான். அரசர் முன்னிலையிலேயே ஏளன ஒலி எழுந்தது. அவன் அங்கிருந்து மறைந்தான். நெடுநாள் அவையில் தலைகாட்டவில்லை. அவ்விழாவில் தாமும் இருந்த சேன்-சிமோன் கோமகன் தம் நினைவுக் குறிப்புகளில் இதனை எழுதிவைத்திருக்கிறார். கற்ற வித்தையை அவை நடுவே மறந்தவனின் நிலையை இதைவிடக் கூர்மையாக எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். மன்னரால் அழைக்கப்படுவதும் ஒதுக்கப்படுவதும் வருவாயையும் பதவியையும் திருமண உறவுகளையும் முடிவுசெய்த இடம் அது. காலடி தவறுதல் அங்கே வாழ்வு தவறுதல்.

வில்லும் காலும்

இனி ஆடலின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். யாப்பறிந்தோர்க்கு இது சுவை பயக்கும்.

மினுவெட்டின் இசை மூன்று எண்ணிக்கை கொண்ட சுற்றுகளால் ஆகியது. ஆனால் ஆடுவோரின் அடிப்படை அடைவு ஒரு சுற்றுக்குள் அடங்குவதில்லை. இரண்டு சுற்றுகளை, அஃதாவது ஆறு எண்ணிக்கையை, எடுத்துக்கொள்கிறது. அந்த ஆறு எண்ணிக்கைக்குள் நான்கு அடிகள், வலக்காலில் தொடக்கம். முழங்காலை மடக்கித் தாழ்தலும் நிமிர்ந்து எழுதலும் இடையிடையே வரும். ஆறில் நான்கை எப்படிப் பங்கிடுவது என்பதில் பல முறைகள் வழங்கின. ஆக, காது மூன்று மூன்றாகக் கேட்கிறது. கால் ஆறாக நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே செல்லும் இன்பமே மினுவெட்டின் உயிர். மெட்டு எழுதுவோர் சுற்றுகளை இரட்டைப்படையாக அமைத்தாக வேண்டும் என்ற விதி இக்காலடியிலிருந்து பிறந்ததே. ஆடுவோரின் கோலங்கள் மெட்டின் பகுதிகளோடு எல்லா இடத்திலும் பொருந்தி முடிய வேண்டும் என்பதில்லை. எந்த மினுவெட் மெட்டுக்கும் ஆடலாம்; ஆடல் முடியும்வரை இசைஞர் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பர்.

இந்த நுட்பத்தைப் பல்லியம் எவ்வாறு தாங்கியது என்பதற்கு அரியதொரு சான்று முஃபாத்து என்பவரின் எழுத்து. இளமையில் பாரிசில் லுல்லியின் முறையைப் பயின்ற இவர், 1695இலும் 1698இலும் வெளியிட்ட ஆடல் தொகுப்புகளுக்கு இலத்தீன், செர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய நான்கு மொழிகளிலும் முன்னுரை எழுதினார். அவர் வற்புறுத்தும் முதல் விதி இது: ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணிக்கையிலும் வயலின் வில் கீழ்வீச்சாகவே இழுக்கப்பட வேண்டும். வில்லின் அடிப்பகுதி கனமானது. கீழ்வீச்சில் ஒலி அழுத்தம் பெறும். மூன்றெண்ணிக்கைச் சுற்றில் கீழும் மேலுமாக மாறி மாறி இழுத்தால் அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கை மேல்வீச்சில் போய் விழும். இத்தாலியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. லுல்லியின் குழுவினர் பொருட்படுத்தினர். இரண்டாம், மூன்றாம் எண்ணிக்கைகளை அடுத்தடுத்த மேல்வீச்சாக வாசித்தோ, வில்லை விரைந்து மீட்டெடுத்தோ, அவர்கள் முதல் எண்ணிக்கையைக் காத்தனர். இருபதுக்கும் மேற்பட்ட விற்கள் ஒரே கணத்தில் தாழும்போது, களத்தில் நிற்பவனின் முழங்காலுக்கு அது கட்டளையாகிறது. வில் காலுக்குப் பாடம் சொன்னது. காலடிகளுக்காகவே வாழ்ந்த லுல்லி, 1687 சனவரியில், மன்னர் நோய் நீங்கியதைக் கொண்டாடும் இசை நிகழ்ச்சியில் தாளம் தட்டிய கோலால் தம் கால் விரலையே இடித்துக்கொண்டு, அப்புண் புரையோடி மார்ச்சில் மறைந்தார் என்பது வரலாற்றின் கொடிய சிலேடை.

லுல்லி செய்த இன்னொன்றும் பின்வந்தோர்க்கு வழியாயிற்று. ஒரு மினுவெட்டை அடுத்து மற்றொன்றை அமைத்து, மீண்டும் முதலதற்குத் திரும்புதல் வழக்கம். அவ்விரண்டாவதனை வயலின்களிடமிருந்து எடுத்து இரண்டு ஓபோக்களுக்கும் ஒரு பசூனுக்கும் கொடுப்பார் அவர். மூன்று கருவிகள் வாசித்தமையால் அப்பகுதிக்கு ‘டிரியோ’ என்ற பெயர் ஏற்பட்டது. பிற்காலத்தில் முழுப் பல்லியமே அப்பகுதியை வாசித்தபோதும் பெயர் மட்டும் மாறவில்லை. ‘எண்ணெய்’ என்ற சொல்லில் எள் இருப்பதை மறந்துவிட்டு நாம் தேங்காயெண்ணெய் வாங்கவில்லையா?

ஆடுவார் இல்லாத ஆடல்

பிரெஞ்சு ஆடல் செர்மானியச் சிற்றரசுகளுக்கும் இங்கிலாந்துக்கும் பரவியபோது அதன் இசை தனியே நடக்கத் தொடங்கியது. தொடக்க இசை ஒன்றை முன்னிறுத்திப் பல ஆடல்களைக் கோக்கும் தொகைகளை டெலிமான் முதலியோர் ஏராளமாக எழுதினர். கேட்பதற்காக மட்டுமே எழுதப்பட்ட ஆடல்கள் இவை. இலண்டனில் 1717 சூலை 17ஆம் நாள் முதலாம் ஜார்ஜ் மன்னர் தேம்சு ஆற்றில் படகில் செல்ல, உடன்சென்ற படகில் ஏறத்தாழ ஐம்பது இசைஞர் ஹேண்டலின் ‘நீரிசை’யை வாசித்தனர், மன்னர் மகிழ்ந்து போகவரவுமாக மூன்று முறை வாசிக்கச் செய்தார். அத்தொகையில் மினுவெட்டுகள் உள்ளன. படகில் எவர் மினுவெட் ஆடுவார்? 1749 ஏப்பிரல் 27ஆம் நாள், போர் முடிந்த அமைதி விழாவுக்கு அதே ஹேண்டல் எழுதிய ‘வாணவேடிக்கை இசை’யும் மினுவெட்டுகளுடனேயே முடிகிறது. இருபத்துநான்கு ஓபோக்கள், பன்னிரண்டு பசூன்கள், ஒன்பது கொம்புகள், ஒன்பது டிரம்பெட்டுகள், முரசுகள் முழங்கும் மினுவெட்! அன்று வேடிக்கைக்காகக் கட்டிய மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. சிற்றடிகளின் ஆடலுக்கு அது பொருத்தமான களமன்று.

இவ்வரிசையில் என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது பாக்கின் முதலாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் இறுதிப் பகுதி. 1721 மார்ச் 24ஆம் நாளிட்ட காணிக்கை மடலுடன் பிராண்டன்பர்க் இளங்கோமகனுக்கு அனுப்பப்பட்ட ஆறு படைப்புகளுள் முதலாவது இது. விரைவான மூன்றாம் பகுதி முடிந்து, எல்லாம் நிறைவுற்றது என நாம் எண்ணும்போது, முழுப் பல்லியமும் ஒரு மினுவெட்டைத் தொடங்குகிறது. அது முடிந்ததும் இரண்டு ஓபோக்களும் பசூனும் மட்டும் பேசுகின்றன. லுல்லியின் பழைய மூவர்! மீண்டும் மினுவெட். அடுத்து வயலின் வகைக் கருவிகள் தாழ்ந்த குரலில் ஒரு போலந்து நாட்டு ஆடலை வாசிக்கின்றன. மீண்டும் மினுவெட். அடுத்து வேட்டைக் கொம்புகள் இரண்டும், ஒரே குரலாய் இணைந்த ஓபோக்களும். இங்கே தாளமே மூன்றிலிருந்து இரண்டுக்கு மாறிவிடுகிறது. இறுதியாக, நான்காம் முறையாக, அதே மினுவெட். பல்லவியும் சரணங்களும் போன்ற அமைப்பு எனலாம். இதற்கு ஆட முற்படுபவன் கொம்புகள் ஒலிக்கும் இடத்தில் நின்றுவிட நேரும். ஆயினும் ஒவ்வொரு முறையும் மினுவெட் திரும்பி வரும்போது, அவையின் நடுவே வேறு வேறு நாட்டார், வேறு வேறு தொழிலார் வந்து தம் முறை முடித்துச் செல்வதை இருந்த இடத்திலேயே ‘காண்கிறோம்’. ஆடல் போய்விட்டது; அவை இருக்கிறது.

வடிவம் இறுகினால் அதனை எந்திரமும் செய்யும் என்பதற்கும் மினுவெட்டிலேயே சான்றுண்டு. பாக்கின் மாணவரான கிர்ன்பெர்கர் 1757இல் ஒரு நூல் வெளியிட்டார். இசையறியாதவரும் பகடைக்காயை உருட்டி, விழும் எண்ணுக்குரிய சுற்றுகளைப் பொறுக்கிச் சேர்த்து மினுவெட் ‘எழுதிவிடலாம்’, பிழையே வராது. இன்று வெண்பாவில் தளை தட்டாமல் இருக்கிறதா என்று கணினி நிரல் பார்த்துச் சொல்கிறது. தளை தட்டாத வெண்பாக்களை நம் கூட்டங்களில் நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். பகடையில் விழுந்தவை எவை என்பதைக் கேட்டோர் அறிவர். இளங்கவிஞர் ‘கூடு’ என்றது இவற்றையே எனில் அவரோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் பகடை நூல் வெளிவந்து பதினைந்தே ஆண்டுகளில், 1772இல், ஹைடன் தம் நாற்பத்தேழாம் சிம்பொனியை எழுதினார். ஹங்கேரியச் சிற்றரசரின் அரண்மனையில் பணியாளர் உடை அணிந்து ஊழியம் செய்தவர் அவர். பழைய தொகைகளிலிருந்த ஆடல்களுள் மினுவெட் ஒன்றே சிம்பொனியில் நிலையான இடம் பெற்றிருந்தது. அச்சிம்பொனியின் மினுவெட்டில் பாதியை மட்டுமே ஹைடன் எழுதினார். எஞ்சிய பாதியை அதே சுரங்களைப் பின்னிருந்து முன்னாக வாசித்து முடிக்க வேண்டும். டிரியோவும் அவ்வாறே. நம் மரபில் மாலைமாற்று என்பது இதுவே. ஞானசம்பந்தர் ஒரு பதிகமே அவ்வாறு பாடியுள்ளார். ஆனால் ஹைடன் செய்ததில் மேலும் ஒரு குறும்பு இருக்கிறது. முன்னோக்கிச் செல்லும்போது முதல் எண்ணிக்கையில் விழுந்த அழுத்தம், திரும்பி வரும்போது மூன்றாம் எண்ணிக்கையில் விழும். முழங்கால் தாழ வேண்டிய இடத்தில் ஒலி தாழாது. தாழக் கூடாத இடத்தில் இடிக்கும். லுல்லியின் விற்கள் எதனைக் காக்க அவ்வளவு பாடுபட்டனவோ, அதனையே ஹைடன் தெரிந்தே தவறவிடுகிறார். 1692இல் மோன்ப்ரோன் மகனை அவையிலிருந்து விரட்டிய அதே இடறல் இங்கே கேட்போர் முகத்தில் புன்னகையை வரவழைக்கிறது. அந்த இடறல் நமக்குப் புலனாவதற்கு அந்த அடி எங்கே விழ வேண்டும் என்பது நம் உடலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆடல் அறியாத செவிக்கும் எழுபது, எண்பது ஆண்டுகளாக மினுவெட் அதனைக் கற்றுக்கொடுத்திருந்தது.

அவையோ முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடலின் வேகமே அதற்குள் மாறிவிட்டது. 1703இல் தம் இசை அகராதியை வெளியிட்ட பிரொசார் இதனை மகிழ்ச்சியும் விரைவும் மிக்கதென்றார். 1768இல் ரூசோ அதனை மறுத்து, எளிய கண்ணியமே இதன் இயல்பு, நடையும் மிதமானதே என்று எழுதினார். ஆடலும் அவையோடு சேர்ந்து முதுமை எய்தியது போலும். பிராகு நகரில் 1787 அக்டோபர் 29ஆம் நாள் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘டான் ஜொவானி’ ஓபராவில், முதல் அங்க முடிவில், மேடைமேலேயே மூன்று பல்லியங்கள் ஒருங்கே வாசிக்கின்றன. உயர்குடியினர் மினுவெட் ஆடுகின்றனர். அதே நேரத்தில், குடியானவப் பெண்ணைக் கவர நினைக்கும் தலைவன் அவளோடு இரண்டெண்ணிக்கை ஆடல் ஒன்றை ஆடுகிறான். அவன் வேலைக்காரன் அப்பெண்ணின் மணமகனைப் பற்றியிழுத்து விரைவான செர்மானிய ஆடல் ஆட வைக்கிறான். மூன்று தாளங்கள், மூன்று வகுப்புகள், ஒரே மண்டபம். சற்று நேரத்தில் அப்பெண்ணின் அலறல் கேட்கிறது. எல்லாத் தாளங்களும் குலைகின்றன. இரண்டாண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஓபராவை முன்னறிவிப்பு என்று சொல்ல நான் துணியவில்லை. மோட்சார்ட் மண்டபத்தை நன்றாகப் பார்த்திருந்தார் என்பது மட்டும் உறுதி.

பீத்தோவன் 1800இல் அரங்கேற்றிய முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதிக்கு ‘மினுவெட்’ என்றே தலைப்பிட்டார். அதன் வேகத்திற்கு எந்தக் காலும் ஈடுகொடுக்க இயலாது. அடுத்த சிம்பொனியில் தலைப்பையும் விட்டுவிட்டார். அத்துடன் முடிந்தது என்றே பல நூல்கள் எழுதுகின்றன.

முடியவில்லை. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு இசைஞர் ராவெல் ஒரு பியானோத் தொகை எழுதி, அதன் ஒவ்வொரு பகுதியையும் போரில் மாண்ட நண்பர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். 1919இல் அதனின்று நான்கு பகுதிகளைப் பல்லியத்திற்கு மாற்றினார். அவற்றுள் ஒன்று மினுவெட். அதில் மெட்டைத் தொடங்குவது ஓபோ. புலம்பலோ பேரொலியோ இல்லை. மூன்று மூன்றாக எண்ணி, கண்ணியமாக நடக்கிறது. அழுகைக்கு அவர் அரசவை ஆடலைத் தேர்ந்தது ஏன் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நண்பர் உடலுக்கு அருகே நின்று கதறாமல் வணங்க விரும்பியவனுக்கு, வணங்குவதற்கென்றே அமைந்த வடிவம் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதே எனக்குத் தோன்றிய விடை. இளங்கவிஞரிடம் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். அவர் உடன்படவில்லை, ஆனால் அந்த இசையைத் தேடிக் கேட்டிருக்கிறார்.

ஆடலும் அடியோடு அழிந்துவிடவில்லை. ஃபயே என்னும் ஆடலாசிரியர் 1700இல் வெளியிட்ட நூலில், காலடிகளைத் தாளில் எழுதும் குறியீட்டு முறை ஒன்று உண்டு. அதனையும் ராமோவின் நூலையும் வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலர், குறிப்பாக 1981இல் தம் நூலை வெளியிட்ட வெண்டி ஹில்டன், அடிகளை மீண்டும் உடலுக்குக் கொண்டுவந்தனர். அவற்றைக் கண்ட இசைக்குழுத் தலைவர் சிலர் பரோக் மினுவெட்டுகளை முன்னிலும் விரைவாக வாசிக்கத் தொடங்கினர். ஃபயேயின் முறையில் அமைந்த பக்கம் ஒன்றின் அச்சுப்படி என்னிடம் உள்ளது. மேல் விளிம்பில் மெட்டு. கீழே, மேலிருந்து பார்ப்பது போல வரைந்த இரண்டு நடைபாதைகள். இசையின் சுற்று ஒவ்வொன்றுக்கும் பாதையின் குறுக்கே ஒரு சிறு கோடு. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அதைக் காட்டினேன். அவள் கூடத்துத் தரையில் சாக்பீசால் கோடு போட்டுக்கொண்டு, வாயால் எண்ணியபடி, ஆறு எண்ணிக்கைக்குள் நான்கு அடி வைக்கப் பார்த்தாள். மூன்றாம் அடியில் தடுமாறினாள்.